உன் அறைக்குள் வந்த பூனை

எந்த ஷிஃப்டில் இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுகிற என் அக்கா வசந்தாவுக்கு,

அடுத்த வாரம் உனக்குத் தலைத் திவசம் வருகிறது. பேப்பரில் உன் படத்தைப் போட்டு நாலு வரி கொடுக்கலாம் என்று தம்பி ஃபோன் பண்ணினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் எனக்குச் சொல்ல இருப்பது நாலு வரியில் அடங்காது. அதிலும் பாதி பூனையைப் பற்றியது. அதை எழுதினால் பேப்பர்காரன் சிரிப்பான், எழுதாமல் விட்டால் நீ திட்டுவாய். அதனால்தான் இந்தக் கடிதம். யார் படித்தாலும் படிக்கட்டும்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது சேலையூருக்கே தெரியும். பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், ஊசிக்குப் பயம், பூனை என்றால் ரொம்பவே பயம். நாற்பத்திரண்டு வயதில், எழும்பூரில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்துகொண்டு, நீ டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நைட் டியூட்டி போகும் நாளெல்லாம் தலையணையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அந்தோணி சார் வீட்டில் போய்ப் படுத்தவள் நான். சாரும் சரி, அவர் மனைவி மேரி அக்காவும் சரி, ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நீதான் கேலி செய்வாய். "நமக்குக் கல்யாணம் ஆகாததே நல்லதுடி. மாமியார் தும்மினாலே நீ கட்டிலுக்கு அடியில போயிடுவே" என்பாய்.

அந்தப் பூனை உன்னிடம் எப்படிப் பழகியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பழகியது என்று சொல்வதும் தப்பு. நம் வீட்டுக்குப் பின்னால் வேலிக்காத்தான் மண்டிக் கிடந்த காலி மனையில் பிறந்து வளர்ந்த காட்டு ஜென்மம் அது. மனுஷ வாடை பட்டாலே புதருக்குள் போய்விடும். காலையில் பின்படியில் ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து, இரண்டு நெத்திலிக் கருவாட்டை உதிர்த்துப் போட்டு, "வாடி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு நீ உள்ளே வந்துவிடுவாய். நீ கதவைச் சாத்திய பிறகுதான் அது வரும். மூன்று வருஷம் இப்படியே. ஒரு நாளாவது அதைத் தொட்டிருக்கிறாயா? தொட முடியாத பூனைக்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "தொடறதுக்கா சோறு போடறோம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாய்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து, நெஞ்சு கரிக்கிறது என்று உன் அறைக்குள் போய்ப் படுத்தாய். நாலு மணிக்குக் காபியோடு வந்து கூப்பிட்டேன். நீ எழுந்திருக்கவில்லை. அதற்கு மேல் அதை எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் புடவைகளை வழக்கப்படி எடுத்துக் கொடுத்துவிட்டோம். அறையைப் பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னாள் பெரியம்மா. அவள் ஒரு தடவை சொன்னாள், நான் மூன்று தடவை கழுவினேன். அப்புறம் பூட்டிவிட்டேன். சாவு நடந்த அறை, ராத்திரியில் அந்தப் பக்கம் போகாதே என்று வந்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். சொன்னவர்கள் அவரவர் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். அந்த அறையோடு வீட்டில் மிச்சம் இருந்தது நான்தான்.

பின்படியில் தட்டு வைப்பதை மட்டும் விடவில்லை. வைத்துவிட்டு ஓடிவந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். உன்னைப் போல "வாடி" என்று கூப்பிட எனக்குக் குரல் வராது.

தை பிறந்ததும் பின்மனையில் வீடு கட்ட ஆட்கள் வந்தார்கள். ஒரே நாளில் புதர் முழுவதையும் வெட்டிக் கொளுத்தினார்கள். மணல் லாரி வந்தது. மணலில் படுக்கத் தெருநாய்கள் வந்தன. மூன்று நாள் தட்டில் வைத்த சோறு வைத்தபடியே இருந்தது. நாலாம் நாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, பூட்டின உன் அறைக்குள் ஏதோ நகர்ந்தது.

முதலில் ஒரு பொருள் விழுந்த சத்தம். பிறகு கட்டில் கால் ஓரமாக எதுவோ உரசுகிற சத்தம். அக்கா, அது நீ என்றுதான் நினைத்தேன். வேறு எந்த நினைப்பும் எனக்கு வரவில்லை. வந்தது நீ என்றால் நான் ஓடிப் போய்க் கதவைத் திறந்திருக்க வேண்டும் இல்லையா? உயிரோடு இருந்தவரைக்கும் உன் புடவைத் தலைப்பை விடாதவள் நான். அன்றைக்கு ஒரு காலில் செருப்போடு தெருவில் போய் நின்றேன்.

அந்தோணி சார் கைத்தடியோடு வந்தார். ஜெபம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே பூட்டைத் திறந்தார். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு கண்கள். மேலே வென்டிலேட்டரின் உடைந்த கண்ணாடி வழியாக அது உள்ளே வந்திருக்கிறது. பின்னங்கால் ஒன்றில் நாய் கடித்த புண்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க" என்று சார் சிரித்தார். "கதவைத் திறந்து வெச்சுட்டுத் தள்ளி நில்லும்மா. தானா போயிடும்."

திறந்து வைத்தோம். அது போகவில்லை. போவதற்கு அதற்கு எங்கே இடம் இருந்தது? ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு சார் விரட்டட்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். இரக்கம் என்று நினைத்துவிடாதே. பூனையை விரட்டிவிட்டால் அந்த அறை மறுபடியும் காலியாகிவிடும். காலி அறைக்கு நான் பூனையைவிட அதிகமாகப் பயந்தேன்.

இப்படித்தான் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

கதவை ஒரு சாண் திறந்து, துடைப்பக் கட்டையால் தட்டை உள்ளே தள்ளுவேன். பழைய பேசின் ஒன்றில் பின்மனை மணலை அள்ளிப் போட்டு வைத்தேன். இரண்டு நாளில் அது தானாகவே அதில் போகக் கற்றுக்கொண்டது. ஆனால் என்னைப் பார்த்தால் காதை மடித்துக்கொண்டு பாம்பு போலச் சீறும். நானும் "ஐயோ" என்று கத்துவேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலை. அறையில் ஒரே கவிச்சி வாடை. நாய் கடித்த பூனை, என்ன கிருமியோ என்ன நோயோ என்று காலையும் மாலையும் தரை முழுக்கப் பினாயில் ஊற்றித் துடைத்தேன். வாளியில் ஒரு மூடி ஊற்ற வேண்டிய இடத்தில் நாலு மூடி ஊற்றினேன். கட்டிலுக்கு அடியில், பீரோ ஓரத்தில், அது படுக்கிற இடத்தில் எல்லாம் ஊற்றினேன்.

ஒரு நாள் அப்படிக் கட்டிலுக்கு அடியில் ஈரத்துணியை நீட்டியபோது மணிக்கட்டில் நகத்தால் கிழித்துவிட்டது. சோப்பு போட்டுக் கழுவிவிட்டு மஞ்சளை அப்பிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊசி போடச் சொல்வார்கள்.

அதற்கு ஆறாம் நாள், ஒரு சனிக்கிழமை காலையில், தட்டைத் தள்ளினால் பூனை வரவில்லை. சீறவும் இல்லை. எட்டிப் பார்த்தேன். வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு வெட்டி வெட்டி நடுங்கியது. எழுந்து நிற்கப் பார்த்துச் சரிந்தது. என் மணிக்கட்டைப் பார்த்தேன். புண் ஆறிக் கோடாக இருந்தது. அந்தக் கோடு வழியாக என் சாவு உள்ளே போய்விட்டது என்று அந்த நிமிஷம் நிச்சயமாக நம்பினேன்.

அந்தோணி சார் வாசலிலேயே நின்று பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "வெறிதான்மா. நாய் கடிச்சிருக்குல்ல. எங்க ஸ்கூல் வாட்ச்மேனுக்கு இப்படித்தான் ஆச்சு, கடைசியில தண்ணியப் பாத்தாலே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மேரி அக்கா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன காயம் சரோஜா" என்றாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

சார் போய் ஒரு கோணிப்பை எடுத்து வந்தார். "நான் தடியால தள்ளறேன். நீ கோணி வாயை மட்டும் பிடிச்சுக்கோ. கஷ்டப்படாம முடிச்சுடலாம்." அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். எனக்காகப் பயந்துதான் சொன்னார்.

கோணியின் வாயை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு உன் அறையில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். பூனை இரண்டு முழம் தள்ளி இருந்தது. அவ்வளவு கிட்டத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. மூக்குக்கு மேல் சின்னதாக ஒரு வெள்ளை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அது நடுங்கியது. கோணியும் நடுங்கியது. எங்கள் இரண்டு பேரையும் பார்க்கிறவர்களுக்கு யாருக்கு வெறி என்று சொல்ல முடிந்திருக்காது.

"வேணாம் சார்" என்றேன். "டாக்டர்கிட்ட காட்டிடலாம். சாகிறதா இருந்தா எதனாலன்னு தெரிஞ்சுட்டே சாகட்டும். நானும் தெரிஞ்சுக்கணும்."

மேரி அக்கா தன் கோழிகளைக் கவிழ்த்து வைக்கும் மூங்கில் கூடையைக் கொண்டு வந்தாள். பூனை மேல் கவிழ்த்து, அடியில் பலகையைச் செருகி, கொடிக்கயிற்றால் சுற்றிக் கட்டினோம். மாடம்பாக்கம் ரோட்டில் இருக்கிற மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னாம்மா உள்ள கீது, கோழியா?"

"பூனை."

"பூனையா? காலங்காத்தால நல்ல சகுனம்தான் போ. கட்டு நல்லா கீதா? மேல வுழுந்து பொறாண்டிச்சுன்னா நான் வண்டிய வுட்டுட்டுப் பூடுவேன், சொல்லிட்டேன்."

மடியில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெறி பிடித்த பூனை என்று சொன்னால் இறக்கி விட்டுவிடுவாரோ என்று வாயே திறக்கவில்லை. முழங்கையில் மூங்கில் குத்தியது. உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. செத்துவிட்டதோ என்று நினைத்துக் கூடையைத் தட்டினேன். மெல்லிசாக ஒரு சீறல் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூனை சீறியதற்குச் சந்தோஷப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் நாலு பசு மாடு, ஒரு கன்று, நான். டாக்டர் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். தடிக் கையுறை மாட்டி, பூனையின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கு வெந்து கிடந்தது. அதன் பாதத்தை எடுத்து மோந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வீட்டுத் தரைய எதைப் போட்டுத் துடைக்கிறீங்க?"

"பினாயில் சார்."

"தண்ணில ஊத்தினா பால் மாதிரி ஆகுமே, அதுவா? தினமுமா?"

"ரெண்டு வேளை. கொஞ்சம் அதிகமாவே ஊத்துவேன்."

"அதான். பூனை தன் கால நக்கிக்கிட்டே இருக்கிற ஜாதி. பாதத்துல ஒட்டினதை எல்லாம் நக்கி முழுங்கியிருக்கு. பூனைக்கு அது விஷம்மா. வெறி மாதிரி தெரியல. நீங்கதான் கொஞ்சம் கொஞ்சமா கொன்னுக்கிட்டு இருந்திருக்கீங்க."

திட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பாதங்களைக் கழுவி, ஊசி போட்டு, கால் புண்ணுக்கும் மருந்து வைத்துவிட்டு, எங்கேயாவது பிறாண்டியதா என்று கேட்டு என் மணிக்கட்டை வாங்கிப் பார்த்தார். "வெறி இல்லைன்னுதான் நினைக்கிறேன். ஆனா நினைக்கிறது வேற, உயிர் வேற. இன்னிக்கே போய் ஊசிய ஆரம்பிச்சுடுங்க. பூனைய பத்து நாள் கண்ணுல வெச்சுப் பாருங்க. அது நல்லா இருந்தா ஊசிய நிறுத்தறதைப் பத்தி அங்க சொல்லுவாங்க." கூடையைத் திருப்பிக் கட்டும்போது இன்னொன்றும் சொன்னார். "இது மனுஷங்களைப் பாக்காமலே வளர்ந்தது. கண்ணுக்கு நேரா பாக்காதீங்க. கிட்ட போகாதீங்க. தினமும் அந்த ரூம்ல போய்க் கீழ உக்காந்து சும்மா இருங்க, போதும்."

சும்மா இருப்பது. நீ மூன்று வருஷம் செய்ததும் அதுதானே? எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று?

அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடிக்காரர்கள் வரிசையில் நின்றேன். தினம் ஒரு ஊசி, தொப்புளைச் சுற்றி. மொத்தம் பதினாலு என்றார்கள். "பாக்காதீங்கம்மா, சுவத்தைப் பாருங்க" என்றார் நர்ஸ். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதைப் பார்ப்பதா, ஊசியைப் பார்ப்பதா என்று முழித்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்துச் சிரித்து அந்த நர்ஸிடம் நீயும் திட்டு வாங்கியிருப்பாய்.

ஆபீசுக்கு லீவு போட்டேன். ஊசி போட்ட இடம் கல்லு மாதிரி வீங்கும். குனிய முடியாது. கட்டிலில் ஏறுவதே கஷ்டம். மூன்றாம் நாள் உன் அறைக்குத் தட்டோடு போனவள், அப்படியே தரையில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்துவிட்டேன். எழுந்து ஓடத் தெம்பு இல்லை. உன்னை நாங்கள் கிடத்தியிருந்த அதே தரை. மேலே அதே ஃபேன். என் நெஞ்சு அடித்த அடியில் பூனை பயந்துவிடும் போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். இந்தப் பூனை செத்தால் நானும் செத்தேன் என்று ஓடிக்கொண்டிருந்தது மனசு. அது நக்கிக் குடிக்கிற சத்தம் கேட்கிறதா, மூச்சு விடுகிறதா, அதை மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

பினாயிலை டாக்டர் சொன்ன அன்றோடு நிறுத்திவிட்டிருந்தேன். வெறும் தண்ணீர்தான். நாலாம் நாள், ஐந்தாம் நாள் ஆனதும் தரையிலிருந்து அந்த நெடி போய்விட்டது. அது போனதும் வேறு ஒரு வாசனை வந்தது. மர அலமாரியின் இடுக்கிலிருந்தோ, சுவர் மூலையிலிருந்தோ தெரியவில்லை. தலைவலித் தைலமும் முகப் பவுடரும் கலந்த உன் வாசனை. எழுந்து உட்கார்ந்து அழுதேன், அக்கா. நான் கழுவிக் கழுவி விரட்டிக்கொண்டிருந்தது உன்னைத்தான். காரியத்துக்கு வந்தவர்கள் முன்னால் வராத அழுகை அன்றைக்கு வந்தது. பூனை பீரோவுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தது. சீறவில்லை.

ஏழாம் நாள் மத்தியானம் என் உள்ளங்காலில் ஏதோ ஈரமாகப் பட்டது. மூக்கு. மோந்து பார்க்கிறது. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போய் ஓடிவிடத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கால் கட்டைவிரலிலிருந்து முழங்கால் வரைக்கும் மெதுவாக மோந்துகொண்டே வந்தது. முழங்கால் பக்கத்தில் நின்றது. அதற்கு மேல் அதற்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. திரும்பிப் போய் மணல் பேசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

பத்தாம் நாள் அது கருவாட்டை முழுசாகத் தின்றுவிட்டு தட்டையும் நக்கியது. ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னேன். ஊசியை நிறுத்தினார்கள்.

அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. ஒன்பது மாதமாகிறது. இன்னும் மடியில் உட்காராது. பிரஷர் குக்கர் விசில் அடித்தால் பீரோவுக்குப் பின்னால் போய்விடும். யாராவது வாசல் மணி அடித்தாலும் அப்படித்தான். நான் கூடத்தில் டீவி பார்த்தால் வாசப்படியில் உட்கார்ந்து என்னைப் பார்க்கும். நான் திரும்பிப் பார்த்தால் கண்ணை மெல்ல மூடித் திறக்கும். நானும் மூடித் திறப்பேன். ஒரு தடவை மட்டும், இந்த மழை தொடங்கின அன்றைக்கு, பெரிய இடி ஒன்று இடித்ததும் பாய்ந்து வந்து என் காலோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் நடுங்கினோம். தனியாக நடுங்குவதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பின்மனையில் மாடி வீடு வந்துவிட்டது. நம் தெரு முனையில் எஸ்.டி.டி. பூத் போட்டிருக்கிறார்கள், இனி யாரும் வெளியூருக்கு டிரங்க் கால் கேட்டு உங்கள் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட மாட்டார்கள். அந்தோணி சார் பூனைக்கு வாரம் ஒரு தடவை மீன் தலை கொடுத்து அனுப்புகிறார், கோணியைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. நான் இப்போது அவர் வீட்டில் போய்ப் படுப்பதில்லை. வீட்டில் பூனையைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். அன்று சாயங்காலம் அறைக்குள் நகர்ந்தது நிஜமாகவே நீயாக இருந்திருந்தால், நான் தெருவுக்கு ஓடியதைப் பார்த்து என்ன நினைத்திருப்பாய்? சிரித்திருப்பாயா? இல்லை, உள்ளே உட்கார்ந்து தேம்பியிருப்பாயா?

திவசத்தன்று நீ வீட்டுக்கு வருவாய் என்று பெரியம்மா சொல்கிறாள். வருவதானால் வா. உன் அறைப் பூட்டைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் யாரையும் கூப்பிட மாட்டேன், எழுந்து ஓட மாட்டேன். கீழே உட்கார்ந்திருப்பேன். உன்னை நேராகப் பார்க்கக்கூட மாட்டேன். நீ மெதுவாக வா.

இன்னும் பயம் தெளியாத உன் தங்கை,
சரோஜா